வண்டியில் மிச்சமிருக்கும் இடம் யாருக்கு? ஒரு கண்ணாடி துடைப்பவரின் கணக்கு

திருவான்மியூரில் கடலைப் பார்த்த மூன்றாம் மாடி வீடு. பால்கனியில் ஆள் உயரத்துக்கு மேல் நான்கு கண்ணாடிப் பலகைகள். மூன்றை முடித்துவிட்டு நான்காவதில் வைப்பரை இழுத்தபோது நட்டநடுவில் நூல் கனத்துக்கு ஒரு ஈரக்கோடு நின்றது. மறுபடி இழுத்தேன். அதே இடத்தில் அதே கோடு. ரப்பரின் விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தால் எள்ளளவு வெட்டு ஒன்று தட்டுப்பட்டது. சட்டத்தின் ஓரத்தில் எங்கோ ஒரு திருகாணித் தலையில் உரசியிருக்க வேண்டும். மாற்று ரப்பர் என்னிடம் இருந்தது; வீட்டில், பீரோவின் மேல், பிரிக்காத பொட்டலத்தில். வீடு மேடவாக்கத்தில். மாலை நெரிசலில் போய் எடுத்துவர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

அன்றைக்கு வண்டியில் இருந்தவை: பிரஷர் வாஷர், வாக்யூம் கிளீனர், அரைக் கோணி அளவுக்குப் பழைய துணி, எப்போதோ ஒரு கடைக்காரர் தலையில் கட்டிய நுரை தெளிப்பான். இத்தனையும் இருந்தன, ஒரு முழ ரப்பர் இல்லை. அன்று இரவு வண்டியைக் காலி செய்துவிட்டு மூன்று கேள்விகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினேன். இது இல்லாததால் எத்தனை முறை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன்? எத்தனை முறை வாடிக்கையாளருக்குப் பணம் எண்ணி வைத்திருக்கிறேன்? எத்தனை முறை உடம்பில் அடிபடப் பார்த்தது? மூன்றுக்கும் பதில் ‘ஒருமுறையும் இல்லை’ என்றால் அந்தப் பொருள் எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் வீட்டுப் பரணுக்குத்தான்.

என் வண்டி, இரண்டாம் கையாக வாங்கிய மாருதி ஈக்கோ வேன். இரண்டு ஆட்கள். வேலை பெரும்பாலும் தென்சென்னை வீடுகளும் கடை முகப்புகளும். கயிற்றில் தொங்கி உயரக் கட்டடம் துடைப்பது வேறு தொழில். அதைப் பற்றி இங்கே பேசவில்லை. வைப்பர், நுரை தேய்க்கும் துணிக்கட்டை, வாளி, ஏணி என்னும் அடிப்படைச் சாமான் எல்லாரிடமும் இருக்கும். அதற்கு மேல் எதை ஏற்றலாம் என்பதுதான் கேள்வி.

ரப்பரா, இன்னொரு வைப்பரா?

இரண்டாவது வைப்பர் ஒன்றை முழுதாக வைத்துக்கொண்டால் போதுமே என்று தோன்றும். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் வைப்பரில் தேய்வது ரப்பர் மட்டும்தான். பித்தளையும் எஃகும் பத்து வருடம் உழைக்கும். 1936-இல் அமெரிக்காவின் ஓக்லாந்தில் எட்டோரே ஸ்டெக்கோனே என்பவர் காப்புரிமை பெற்ற ஒற்றை ரப்பர் வைப்பரின் அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. ஒரு காடி, அதில் செருகிய ரப்பர், அவ்வளவுதான். எனவே நீளமான ரப்பர் பட்டைகளாக வாங்கி, கத்தரித்துப் போட்டுக்கொள்வதே லாபம். பட்டையைச் சுருட்டி வைக்கக் கூடாது. சுருட்டிய வளைவு ரப்பரில் நின்றுவிடும், பிறகு கண்ணாடியில் சமமாகப் படியாது. அரை அங்குல பி.வி.சி. குழாய் ஒன்றில் நீளவாக்கில் போட்டு இரண்டு பக்கமும் மூடிவிட்டால் வண்டியின் கூரையோரமாகக் கட்டிவிடலாம்.

ரப்பரில் மென்மை, கடினம் என்று இரண்டு உண்டு. குளிர் நாடுகளில் மென்மையானதை விரும்புவார்கள். நம் வெயிலுக்கு அது குழைந்துபோய் இழுக்க இழுக்கத் திக்கும். கடினமானதையே கேட்டு வாங்குங்கள். ஒரு விளிம்பு தேய்ந்ததும் திருப்பிப் போட்டால் இன்னொரு வாழ்வு உண்டு என்பதைப் பலர் மறந்து தூக்கி எறிகிறார்கள்.

இரண்டாவது வைப்பர் வேண்டும்தான், ஆனால் அது வேறு அளவில். நம் ஊர் ஜன்னலுக்கு முன்னால் கிரில் இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளில் பதினெட்டு அங்குல வைப்பரை வளைத்து வளைத்து ஒரே வீச்சில் முடிப்பதைப் பார்த்துவிட்டு அதே அளவை வாங்கி வருகிறோம். வீட்டுக்குப் போனால் கம்பிகளுக்கு இடையே கை நுழைவதே பெரும்பாடு. பழைய வைப்பர் ஒன்றின் உலோகப் பட்டையை ரம்பத்தால் நான்கு அங்குலத்துக்கு அறுத்து, முனையை அரத்தால் மழுக்கி, கைப்பிடியையும் பாதியாகக் குறைத்தேன். ரப்பர் மட்டும் உலோகத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு நெல் அளவு நீண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உலோக முனை கண்ணாடியில் கீறும். கம்பிக்குள் செங்குத்தாக நுழைத்து, உள்ளே போனதும் திருப்பி, மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். நானே அறுத்துச் செய்த இந்தக் குட்டி வைப்பர்தான் என் வண்டியில் இருப்பவற்றில் அதிகம் சம்பாதித்துக் கொடுத்தது. என்னோடு வேலை செய்யும் தம்பி அதற்கு ‘எலிவால்’ என்று பெயர் வைத்திருக்கிறான்.

தண்ணீர்: கொண்டுபோவதா, அங்கேயே கேட்பதா?

இதில்தான் ஆளுக்கு ஆள் பணத்தைக் கரைக்கிறார்கள். வழிகள் நான்கு. வாடிக்கையாளர் வீட்டுக் குழாயில் பிடிப்பது, கேனில் ஆர்.ஓ. தண்ணீர் கொண்டுபோவது, வண்டிக்குள் தொட்டியும் பம்பும் வைப்பது, உப்பு நீக்கும் ரெசின் உருளையைக் குழாயில் மாட்டித் தண்ணீரை அங்கேயே சுத்திகரித்துக்கொள்வது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். பழைய மகாபலிபுரம் சாலைப் பக்கத்து ஆழ்குழாய்த் தண்ணீரில், கரைந்த உப்பை அளக்கும் என் டி.டி.எஸ். மீட்டர் 1,400 காட்டிய நாள் உண்டு. அப்படியானால் ஒரு லிட்டர் காய்ந்தால் ஒன்றேகால் கிராமுக்கு மேல் உப்பு அங்கேயே தங்குகிறது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளியாகத் தெரிவது அதுதான்.

ஆனால் இதைக் கேட்டதும் பதறிப் போய் ரெசின் வாங்கிவிடாதீர்கள். வைப்பரால் இழுப்பவருக்குத் தண்ணீரின் தரம் பெரிய விஷயமில்லை. தண்ணீர் கண்ணாடியில் காய்வதற்கு முன்பே வழித்து எடுத்துவிடுகிறோம். உப்பும் அதோடு போய்விடுகிறது. நீண்ட கழியின் முனையில் பிரஷ் கட்டி, தண்ணீரைப் பாய்ச்சி, துடைக்காமல் அப்படியே காயவிடும் முறைக்குத்தான் உப்பே இல்லாத தண்ணீர் வேண்டும். அங்கே மீட்டர் பத்துக்குள் காட்ட வேண்டும். வீட்டு ஆர்.ஓ. கருவியிலிருந்து வருவது பெரும்பாலும் அதைவிட அதிகம்தான். குடிக்க நல்லது, கண்ணாடியில் காய மங்கலாக நிற்கும்.

எனவே முடிவு நீங்கள் எந்த முறையில் வேலை செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கழி வேலை மாதத்தில் ஒன்றிரண்டு நாள்தான் என்றால் ரெசின் உருளை வேண்டாம். நம் ஆழ்குழாய் உப்புக்கு அது சில வேலைகளிலேயே களைத்துவிடும். புது ரெசினுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய கூலியைத் தின்றுவிடும். ஆர்.ஓ. வடிகட்டிக்குப் பின்னால் ரெசினை வைத்தால் நீண்ட நாள் வரும், ஆனால் ஆர்.ஓ. கழித்து வெளியேற்றும் தண்ணீர் சுத்தமான தண்ணீரைவிட அதிகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் அத்தனை தண்ணீரைச் சாக்கடையில் விட்டுக்கொண்டு நின்றால் சங்கச் செயலாளர் சும்மா விடுவாரா?

வண்டிக்குள் தொட்டி வைப்பது இன்னொரு ஆசை. இருநூறு லிட்டர் என்றால் இருநூறு கிலோ. மூன்று ஆட்களைப் பின்னால் ஏற்றியதற்குச் சமம். அந்த மூவரும் ஒழுங்காக உட்கார்ந்திருக்க மாட்டார்கள். பிரேக் அடிக்கும்போது முன்னால் பாய்வார்கள், வளைவில் ஒரு பக்கமாகச் சாய்வார்கள். தொட்டிக்குள் தடுப்பு இல்லாமல், வண்டியின் சட்டத்தோடு இறுக்கிப் பூட்டாமல் தண்ணீர் ஏற்றுவது ஆபத்து. இரண்டு ஆள் தொழிலுக்கு இது தேவையே இல்லை என்பது என் கட்சி.

நான் வைத்திருப்பது: இருபது லிட்டர் கேன் இரண்டு, பேனா அளவில் ஒரு டி.டி.எஸ். மீட்டர். கேன் எதற்கு என்றால், 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். ஏரிகள் வறண்டு, லாரித் தண்ணீருக்கு வரிசை நின்ற நாட்களில் ஒரு வாளித் தண்ணீர் கேட்கவே வாய் வராது. ‘தண்ணீர் நாங்களே கொண்டுவருகிறோம்’ என்று தொலைபேசியில் சொன்ன அந்த ஒரு வரிக்காக வந்த வேலைகள் எனக்குத் தெரியும். வைப்பர் வேலையில் சிக்கனமாக இருந்தால் மூன்று படுக்கையறை வீட்டுக்கு அரைக் கேன் போதும். மீட்டர் எதற்கு என்றால், சண்டையைத் தவிர்க்க. போன வாரம் துடைத்த கண்ணாடியில் புள்ளி வந்துவிட்டது என்று ஒருவர் கூப்பிட்டார். அவர் வீட்டுத் தோட்டக் குழாயில் மீட்டரை முக்கிக் காட்டினேன்; எண் ஆயிரத்தைத் தாண்டியது. செடிக்குத் தண்ணீர் விடும் தெளிப்பான் ஜன்னலிலும் அடிக்கிறது என்பதை அவரே கண்டுபிடித்துக்கொண்டார். சில நூறு ரூபாய்ப் பொருள், அந்த ஒரு நாளிலேயே விலையை மீட்டுவிட்டது.

கடற்கரையோரத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கண்ணாடியில் படிவது காற்றில் வரும் கடலுப்பு. அது வெறும் தண்ணீரிலேயே கரைந்துவிடும், மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் உலர்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்போடு ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து கீறும். முதலில் நனைக்க வேண்டும். பெசன்ட் நகர் வீடுகளுக்குப் போகும் நாளில் கைத்தெளிப்பான் ஒன்றைக் கூடுதலாக எடுத்துக்கொள்வேன்.

கறைக்கு எதை வைத்துக்கொள்வது?

வெள்ளைப் புள்ளி நாட்பட்டால் தண்ணீருக்கு மசியாது. அமிலம் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), வினிகர், குளியலறை ஆசிட், கண்ணாடி மெருகூட்டும் சீரியம் ஆக்சைடு பொடி ஆகிய நான்கில் எது?

ஆசிட்டை முதலிலேயே தள்ளிவிடுங்கள். அலுமினியச் சட்டத்தை அரிக்கும், மூச்சை அடைக்கும், பிளீச்சிங் தூள் பட்ட இடத்தில் போய்ச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். வினிகர் வேலை செய்யும். நான்கைந்து சதவீத அமிலம்தான் என்பதால் மெதுவாகச் செய்யும், வீடு முழுக்க ஊறுகாய் வாசனை வரும், போத்தலாகச் சுமக்க வேண்டும். எலுமிச்சை உப்பு தூளாக இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் கால் கிலோ வைத்திருந்தால் மாதக்கணக்கில் வரும். லிட்டருக்கு ஐம்பது கிராம் கரைத்து, துணியில் நனைத்துக் கண்ணாடியில் ஐந்து நிமிடம் ஒட்டவைத்தால் சுண்ணாம்புக் கறை இளகிவிடும். விலை, எடை, பாதுகாப்பு மூன்றிலும் இதுவே மேல்.

ஆனால் எலுமிச்சை உப்பும் அமிலம்தான். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். அடையாறு பக்கம் பழைய வீடு ஒன்று. ஜன்னலுக்குக் கீழே மெருகேற்றிய கடப்பா கல் பதித்திருந்தார்கள். கண்ணாடியிலிருந்து வழிந்த கரைசல் கல்லில் சொட்டியது. துடைத்துப் பார்த்தால் கறுப்புப் பளபளப்பின் நடுவே சாம்பல் நிறத்தில் மூன்று திட்டுகள், மழைத்துளி விழுந்த புழுதி மாதிரி. கடப்பா கல் என்பது ஒரு சுண்ணாம்புக் கல். கண்ணாடியில் சுண்ணாம்பைக் கரைக்கும் அமிலம் கல்லில் மட்டும் சும்மா இருக்குமா? பளிங்குக்கும் இதே கதிதான். கிரானைட் தாங்கும். அந்த அம்மா திட்டவில்லை. “கல்லுக்கு வேறு ஆள் வரச் சொல்கிறேன் தம்பி, ஆகும் செலவை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றார். மெருகு போட்டவருக்குக் கொடுத்தது அன்றைய கூலியைப் போல் இரண்டு மடங்கு.

அன்றிலிருந்து எலுமிச்சை உப்போடு சேர்ந்தே பயணம் செய்பவை இரண்டு: ஒரு தடித்த பழைய துண்டு, இரண்டு மீட்டர் பிளாஸ்டிக் விரிப்பு. ஜன்னல் கல்லில் விரிப்பு, அதன்மேல் துண்டு, அதற்குப் பிறகுதான் போத்தலைத் திறப்பது.

அமிலத்துக்கும் மசியாத கறை உண்டு. வருடக்கணக்கில் தண்ணீர் அடித்துக் கண்ணாடியின் மேல்பரப்பே மாறிப்போன நிலை அது. அங்கேதான் சீரியம் ஆக்சைடு. பொடியைக் குழைத்து, கம்பளித் தட்டு மாட்டிய கருவியால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். கையில் தேய்த்தால் ஒரு சாண் இடத்துக்கே தோள் கழன்றுவிடும். அதை ‘கூடுதல் சாமான்’ என்று வண்டியில் போட்டு அலைவதில் அர்த்தமில்லை. தனி வேலையாகப் பேசி, தனி நாள் குறித்து, அன்றைக்கு மட்டும் எடுத்துச் செல்லலாம். பிரதிபலிப்புப் பூச்சுள்ள கண்ணாடியிலும் சன் ஃபிலிம் ஒட்டிய பக்கத்திலும் இந்தப் பொடியைத் தொடவே கூடாது.

பிளேடு: இருக்கட்டும், ஆனால்

புதுக் குடியிருப்புகளில் கண்ணாடி முழுக்கப் பட்டி, பெயின்ட், சிமென்ட் சிதறல், டேப் பசை. பிளேடு மாட்டிய சுரண்டி, அதாவது ஸ்கிரேப்பர், இல்லாமல் முடியாது. துருப்பிடிக்காத எஃகு பிளேடா, சாதாரண கார்பன் எஃகு பிளேடா என்றால், கூர்மையில் கார்பன் எஃகுதான் உசத்தி. ஈரத்தில் ஒரே இரவில் துருப்பிடிப்பதும் அதுதான். துருப்பிடித்த விளிம்பு கீறும். சென்னை ஈரக்காற்றில் பெட்டியைத் திறந்துவைத்தாலே போதும். நான் கார்பன் வாங்குகிறேன், ஆனால் ஒரு வேலைக்கு ஒரு பிளேடு, மிச்சம் பார்ப்பதில்லை. தேய்ந்ததைப் பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடுகிறேன். குப்பை அள்ளும் கைகளும் நம்மைப் போன்ற கைகள்தானே.

இதைவிட முக்கியமான விஷயம் கடினமாக்கிய கண்ணாடி. பால்கனித் தடுப்பு, கடைக் கதவு, குளியலறைத் தடுப்பு எல்லாம் பெரும்பாலும் அந்த வகைதான். உலையில் உருளைகளின் மேல் ஓடும்போது கண்ணாடித் துகள்கள் மேல்பரப்பில் ஒட்டி உருகிவிடுவது உண்டு. பார்த்தால் தெரியாது, விரல் நுனியால் தடவினால் நெருநெருவென்று மணல் மாதிரி இருக்கும். அதன்மேல் பிளேடை ஓட்டினால் துகள் பெயர்ந்து, பிளேடோடு இழுபட்டு, நீளமாகக் கீறிவிடும். கண்ணாடி போட்டவர் உங்களைக் கைகாட்டுவார், நீங்கள் அவரைக் கைகாட்டுவீர்கள், கடைசியில் பணம் கொடுப்பது பிளேடு பிடித்தவர்தான். அதனால் ஸ்கிரேப்பரின் பக்கத்திலேயே ஒரு ரசீதுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ‘பிளேடு போட்டால் கீறல் வர வாய்ப்பு உண்டு, தெரிந்தே அனுமதிக்கிறேன்’ என்று ஒரு வரி எழுதி, வேலைக்கு முன் கையெழுத்து. இதைக் காட்டும்போது முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களிடம் பிளேடு வேலை ஒத்துக்கொள்வதில்லை.

துணி

செய்தித்தாளால் துடைப்பது பழைய நாளில் சரி. வெள்ளை யு.பி.வி.சி. சட்டத்தில் மை ஒட்டிக்கொண்டால் அதை அழிக்க இன்னொரு மணி நேரம். மைக்ரோஃபைபர் நன்றாக இழுக்கும், ஆனால் துவைக்கும்போது மணமூட்டும் கண்டிஷனரில் போட்டுவிட்டால் அதன் உறிஞ்சும் குணம் கெட்டுவிடும். வீட்டில் யார் துவைக்கிறார்கள் என்பதைப் பொறுத்த விஷயம் இது.

என் ஓட்டு ஈரிழைத் துண்டுக்கு. மெல்லியது, நான்கு முறை துவைத்தபின் நூல் உதிராது, ஈரத்தைச் சட்டென்று வாங்கும், வேனுக்குள் கொடி கட்டிப் போட்டால் அரை மணியில் காய்ந்துவிடும். புதிதாக வாங்கியதை மட்டும் நேராகக் கண்ணாடிக்குக் கொண்டுபோகாதீர்கள், கஞ்சி போகவேண்டும். ஓரங்களைத் துடைக்க ஈரிழை, விரல் ரேகை படிந்த கடைக்கதவை மெருகூட்ட ஒரே ஒரு மைக்ரோஃபைபர். இதில் எதற்கு ஆராய்ச்சி?

ஏணி: எது வேனுக்குப் பொருந்தும் என்பதல்ல கேள்வி

மடக்கி உள்ளே போடக்கூடிய தொலைநோக்கி மாதிரியான அலுமினிய ஏணியைப் பார்த்ததும் ஆசை வரும். இரண்டரை அடியாகச் சுருங்கி இருக்கைக்குப் பின்னால் அடங்கிவிடுகிறது. நானும் ஒரு வருடம் வைத்திருந்தேன். மணலும் தூசியும் பூட்டுகளுக்குள் போனால் ஒரு படி பூட்டியதா இல்லையா என்ற சந்தேகத்தோடு ஏற வேண்டியிருக்கும். சந்தேகத்தோடு ஏணி ஏறக் கூடாது. மடக்கும்போது விரல் சிக்கினால் அது வேறு.

சாதாரண அலுமினிய ஏணி எடை குறைவு, விலையும் தாங்கும். ஆனால் நம் தெருக்களை நிமிர்ந்து பாருங்கள். புறநகரில் இன்னும் மின்கம்பிகள் மாடி ஜன்னலுக்கு எதிரே கைக்கெட்டும் தூரத்தில் தொங்குகின்றன. கடைப் பலகைகளின் பின்னால் டேப் சுற்றிய ஒட்டு வயர்கள். பல்லாவரத்தில் ஒரு கடை வாசலில் தம்பி ஏணியைத் தூக்கி நிமிர்த்தியபோது மேல்முனைக்கும் கம்பிக்கும் நடுவே இரண்டு அடிகூட இல்லை. நான் கத்திய கத்தலில் டீக்கடைக்காரர் வெளியே ஓடிவந்தார். அடுத்த வாரம் கண்ணாடியிழை ஏணி வாங்கிவிட்டேன். கனம் அதிகம், விலையும் அதிகம். இருவர் சேர்ந்து தூக்க வேண்டும். அதுவும் ஈரமும் அழுக்குமாக இருந்தால் மின்சாரத்தைக் கடத்தக்கூடும் என்பதால் துடைத்தே ஏற்றுகிறோம். கம்பிக்குப் பக்கத்து வேலையை ஏணி எதுவானாலும் ஒத்துக்கொள்வதில்லை. நீண்ட கழி வாங்குபவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கார்பன் இழைக் கழி மின்சாரத்தைக் கடத்தும். கையில் இருப்பது பிளாஸ்டிக் மாதிரித்தான் தெரியும்.

ஏணியோடு சேர்த்து இரண்டு சில்லறைச் சாமான்: மேல்முனையில் சுற்றப் பழைய சைக்கிள் டியூப் (சுவரிலும் கீறல் விழாது, வழுக்காது), அடியில் போட ஒரு ரப்பர் பாய். சாய்க்கும்போது நான்கு அடி உயரத்துக்கு ஒரு அடி தள்ளி நிற்கும்படி வைத்தால் நிலையாக நிற்கும்.

சின்னவை சில

நம் வீடுகளில் செருப்பை வாசலில் விட வேண்டும். வெறுங்காலில், ஈரமான டைல்ஸில், கையில் வாளியோடு நடப்பதுதான் இந்தத் தொழிலில் நான் அதிகம் விழுந்த இடம், ஏணியில் இல்லை. காலுக்கு மாட்டும் மெல்லிய பிளாஸ்டிக் உறை இன்னும் மோசம், சறுக்குப் பலகைதான். அடியில் ரப்பர் புள்ளி வைத்த காலுறை இரண்டு ஜோடி வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் ஆட்சேபம் இருக்காது.

சன்ஷேடின் மேல் புறா எச்சம் காய்ந்து கிடந்தால் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. நன்றாக நனைத்து, முகக்கவசம் போட்டு, வழித்து எடுக்க வேண்டும். துணி முகக்கவசம் போதாது, என்-95 வேண்டும். அதே சன்ஷேடின் அடியில் குளவிக்கூடு இருக்கிறதா என்று ஏணி வைப்பதற்கு முன்பே பார்க்க ஒரு டார்ச் வேண்டும். மருந்து தெளிப்பானைவிட டார்ச் மேல். கூடு தெரிந்தால் அந்த ஜன்னலை அன்று விட்டுவிடலாம்.

நகரும் ஜன்னல் இறுகிக் கிடந்தால் வீட்டுக்காரர் நம்மிடம்தான் கேட்பார். தேங்காய் எண்ணெய் விட்டால் இரண்டு நாள் ஓடும், பிறகு தூசியோடு சேர்ந்து களிம்பாகிவிடும். சிலிக்கோன் ஸ்பிரே நல்லதுதான். ஆனால் அந்த டப்பாவில் ஐம்பது டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று எழுதியிருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் மூடிய வேனுக்குள் அந்தச் சூடு சாதாரணம். தேவைப்படும் நாளில் மட்டும் எடுத்து, நிழலில் வையுங்கள். பத்தில் ஏழெட்டு ஜன்னல்களில் கோளாறு, டிராக்கில் அடைந்த மண்தான். ஒரு அங்குல பெயின்ட் பிரஷால் கிளறி எடுத்துவிட்டு, மெழுகுவர்த்தித் துண்டை இரண்டு முறை தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போகும். பிரஷும் மெழுகுவர்த்தியும் சட்டைப் பையில் அடங்கிவிடும்.

ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நான்கு. பொட்டலத்தில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுப் பொட்டலத்தையும் கரைக்க வேண்டும். கண்ணளவில் பாதிப் பாதியாகப் போடக் கூடாது. மே மாதத்தில் மேற்குப் பார்த்த கண்ணாடியைப் பிற்பகலில் தொடாமல் இருப்பது இதைவிட நல்ல மருந்து. சோப்பு நீர் இழுப்பதற்குள் காய்ந்துவிடும், ஆளும் காய்ந்துவிடுவார்.

இறக்கிவைத்தவை

பிரஷர் வாஷர்: விளம்பரத்தில் அழகாக இருக்கிறது. வீட்டு ஜன்னலில் அடித்தால் ரப்பர் இணைப்பைத் தாண்டி உள்ளே போய்த் திரைச்சீலையும் கட்டிலும் நனையும். இரண்டு முறை மன்னிப்புக் கேட்டபின் பரணுக்குப் போனது. வாக்யூம் கிளீனர்: டிராக் மண்ணுக்கு நல்லதுதான், ஆனால் வண்டியில் கால்வாசி இடம் பிடித்தது, ஒரு அங்குல பிரஷ் அதே வேலையைச் செய்கிறது. நுரை தெளிப்பானை வாங்கிய அன்றைக்குப் பிறகு திறக்கவே இல்லை.

கையில் சில ஆயிரம்தான் இருக்கிறது, எதில் தொடங்குவது என்று புதிதாக வண்டி எடுத்த ஒருவர் கேட்டார். ரப்பர் பட்டை, ரப்பர் புள்ளிக் காலுறை, எலுமிச்சை உப்பும் விரிப்பும், டி.டி.எஸ். மீட்டர், டார்ச் என்று சொன்னேன். ரப்பர் பட்டை போக மற்றதெல்லாம் ஒரு வாளிக்குள் அடங்கும். அடுத்து பணம் சேர்ந்ததும் கண்ணாடியிழை ஏணி, அதுவரை மாடி ஜன்னலை வெளியிலிருந்து துடைக்கும் வேலை வேண்டாம். கழி, ரெசின், தொட்டி எல்லாம் ஒரு பள்ளிக்கூடமோ அலுவலகமோ வருட ஒப்பந்தம் கொடுத்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

அவருக்கு வாளிப் பட்டியலில் ஏமாற்றம். “பிரஷர் வாஷர் வேண்டாமா அண்ணே? பழையது ஒன்று மலிவாக வருகிறது” என்றார். யார் விற்கிறார்கள் என்று கேட்கவில்லை. என் பரணில் ஒன்று இருக்கிறது, வேண்டுமானால் சும்மாவே எடுத்துக்கொண்டு போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.